எப்படிப் படித்தால் நிற்கும்? அறிவியல், வணிகத் தேர்வுகளுக்கான மீள்பார்வை குறித்த விடைகள்

மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்முக்குத் தயாராகும் மாணவர் ஒருவர் நியூட்டனின் விதிகளையும் பேரேட்டுக் கணக்கையும் எப்படிப் படித்தால் அவை தேர்வு மண்டபத்தில் நினைவுக்கு வரும்? தேர்வு முடிந்த பிறகும் அவரிடம் தங்கும்? கேட்பதற்கு எளிய கேள்வி இது. விடைகளோ பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றன, ஒன்றையொன்று மறுத்தும் வருகின்றன. வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொன்னார்கள் ஒரு சாரார். புரிந்துகொண்டால் மனப்பாடமே வேண்டாம் என்றார்கள் இன்னொரு சாரார். கடந்த ஆண்டு வினாத்தாள்களைச் செய்துகொண்டே இருந்தால் போதும் என்பது டியூஷன் நிலையங்களின் விடை. படிக்கும் முறையைவிடப் படிக்கும் பிள்ளையின் வாழ்நிலையே தீர்மானிக்கிறது என்பது சமூகவியலாளர்களின் விடை.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இவ்வூரைப் பெரும்பாலும் அதற்காகவே நினைக்கின்றன. கல்வி வரலாற்றிலும் இவ்வூருக்கு இடம் உண்டு. எல்ஃபில், டோவன்பி என்னும் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கியிருக்கின்றன. இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தனின் முயற்சியில் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. லயத்து வீட்டுப் பிள்ளைக்குப் பால்வெட்டுக்கு அப்பால் போகும் வழிகளில் தேர்வுச் சான்றிதழே மிகத் தெளிவானதாக இருந்தது. ஆகவே எப்படிப் படிப்பது என்பது இங்கே பிழைப்பைத் தொட்ட கேள்வி.

மனப்பாடத்தின் பக்கம்

தமிழர் கல்வி மரபில் மிகப் பழைய விடை மனப்பாடம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லியே கணக்கு கற்றார்கள். அதன் தொடர்ச்சி தோட்டத்துக்கும் வந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அப்படிப் பிறந்த பள்ளிகள் பலவற்றில் நூல்களும் கருவிகளும் அரிது. கரும்பலகையும் ஆசிரியரின் குரலும்தான் இருந்தன. அச்சூழலில் சேர்ந்து ஓதுவது வேறு வழியில்லாத நிலையின் விளைவும்கூட. மரபை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஆனால் தமிழ் மரபை மனப்பாடத்தோடு மட்டும் கட்டிவிடுவது அநீதி. நன்னூலின் பாயிரம் பாடம் கேட்கும் முறையைப் படிப்படியாக வகுக்கிறது. ஆசிரியரிடம் கேட்டு நன்றாக உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும் என்பது அதன் கணக்கு. இந்தப் பங்கீட்டை அளவீடாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் கேட்பது, பேசுவது, கற்பிப்பது என்ற வரிசையும், முடிவில் சொல்பவரே அதிகம் கற்கிறார் என்ற கணிப்பும் கவனிக்கத்தக்கவை. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் சில, வேறு பாதையில் நடந்து இதற்கு அருகில்தான் வந்து சேர்ந்தன.

மனப்பாட முறையின் பலவீனம் அறிவியலில் உடனே வெளிப்படும். ஓம் விதியைச் சொல்லத் தெரிந்த மாணவர், இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கும் படத்தைக் கண்டதும் நின்றுவிடுவது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்தது. இருந்தும் மனப்பாடத்தை இகழ்வோரும் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். டேவிட் வாட்கின்ஸும் ஜான் பிக்ஸும் 1996இல் தொகுத்த சீன மாணவர்கள் பற்றிய ஆய்வுகள், திரும்பச் சொல்வதும் புரிந்துகொள்வதும் எதிரிகள் என்ற மேற்கத்திய எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கின. பலமுறை திரும்பச் சொல்வதையே பொருளுக்குள் நுழையும் வழியாக அம்மாணவர்களில் பலர் கையாண்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. பொருந்தக்கூடும் என்று எண்ண இடமுண்டு.

புரிதலின் பக்கம்

ஸ்வீடனில் ஃபெரன்ஸ் மார்ட்டனும் ரோஜர் செல்யோவும் 1976இல் மாணவர்களிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, எப்படிப் படித்தார்கள் என்று விசாரித்தார்கள். வரிகளை நினைவில் நிறுத்த முயன்றவர்கள் ஒரு வகை. எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடியவர்கள் இன்னொரு வகை. மேலோட்டக் கற்றல், ஆழக் கற்றல் என்ற பிரிவு இதிலிருந்து பரவியது. 1981இல் மிக்கலின் சீயும் அவருடைய குழுவினரும் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளம், கப்பி என்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பிரித்தார்கள். வல்லுநர்கள் ஆற்றல் அழியாமை, இரண்டாம் விதி என்று உள்ளிருந்த கோட்பாட்டை வைத்துப் பிரித்தார்கள். அறிவியலில் புரிதல் என்பது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

மலேசியாவில் இந்தப் பார்வை 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தின் வழியே தேர்வுத்தாளுக்குள் வந்தது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கூடின. 2021ஆம் ஆண்டின் எஸ்.பி.எம் தேர்விலிருந்து அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வு இடம்பெற்றது. தரம்பார்த்தலை, அதாவது டைட்ரேஷனை, நூலில் படித்துவிட்டு மட்டும் செல்பவர் குழாயடைப்பைத் திருப்பும்போது தடுமாறுவார். இந்த மாற்றம் நல்லது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் புரிந்து படி என்பது ஓர் இலக்கு. அதை அடையும் வழியை அது காட்டுவதில்லை. பதினாறு வயது மாணவர் மாலை ஏழு மணிக்கு மேசையில் அமர்ந்து என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறிவுரை சொல்லாது. கூடவே, புரிந்துவிட்டது என்ற உணர்வும் நம்பத்தக்கதன்று. ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைச் செய்துகாட்டும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். வீட்டில் தனியே உட்கார்ந்தால் முதல் வரிகூட வராது. இந்த இடைவெளியை நிரப்பவே மூன்றாவது விடை வந்தது.

வினாத்தாளின் பக்கம்

தேர்வுக்கு முந்திய மாதங்களில் மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவரின் மேசையைப் பார்த்தால் பாடநூலைவிடப் பயிற்சிநூல்களே அதிகம் இருக்கும். மாநிலங்களின் முன்னோட்டத் தேர்வுத் தாள்களைச் சேகரித்துக் கொடுப்பது ஆசிரியர்களின் கடமையாகவே ஆகிவிட்டது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வார இறுதி வகுப்புகளையும் பயிற்சிகளையும் பத்துமலையில் நடக்கும் கல்வி யாத்திரையையும் இணைத்து, இந்தியப் பிள்ளைகளிடையே தேர்வுத் தயாரிப்பை ஓர் இயக்கமாகவே ஆக்கியது. தேர்வுக்காலத்தில் கோயில்களில் மாணவர்களுக்காக நடக்கும் சிறப்புப் பூசைகளும் இதே அக்கறையின் இன்னொரு முகம். ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் தேர்வை எவ்வளவு தூரம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது என்பதை இவை காட்டுகின்றன.

இந்த முறையின் மையக் கருத்துக்கு ஆய்வு ஆதரவு வலுவானது. தன்னைத் தானே சோதிப்பது நினைவை அளக்க மட்டும் பயன்படுவதில்லை, அதை வலுப்படுத்தவும் செய்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் 1939இலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரிடம் இதைக் கண்டார். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் அதைக் கூர்மையாக நிறுவினார்கள். ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து ஒருமுறை நூலை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வுக்கு முந்திய இரவில் நூலைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது ஏன் பலனளிப்பதுபோல் தோன்றுகிறது என்பதை முதல் இரு எண்களும், ஏன் அது நிலைப்பதில்லை என்பதை அடுத்த இரு எண்களும் விளக்குகின்றன. ஜான் டன்லோஸ்கியும் குழுவினரும் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது, தன்சோதனைக்கும் இடைவெளிவிட்டுப் படிப்பதற்கும் மட்டுமே உயர்ந்த இடம் தந்தார்கள். கோடிடுதலும் மறுவாசிப்பும் கீழே தள்ளப்பட்டன. வண்ணப் பேனாவால் பக்கம் முழுவதையும் கோடிட்டு முடிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவலாக இருப்பதால், இந்த முடிவு பள்ளிகளில் இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டும்.

ஆயினும் வினாத்தாள் முறைக்கு மூன்று பக்கங்களிலிருந்து ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, இந்த முறை எளிதில் ஊக வேட்டையாக மாறிவிடுகிறது. எது வரும் என்று ஊகித்து அதை மட்டும் படிப்பது பயிற்சி ஆகாது, அது பாடத்தைக் கைவிடுவது. 2014இல் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆரின் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்து மறுதேர்வு நடந்தபோது, விடையைவிடக் கேள்வியையே தேடும் மனப்பான்மை எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பது நாட்டுக்கே தெரிந்தது. 2021இல் யு.பி.எஸ்.ஆர் அகற்றப்பட்டது, மறு ஆண்டில் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் நிறுத்தப்பட்டது. இதன் பக்கவிளைவாக, இன்று பல மாணவர்களுக்கு முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம் ஆகிவிட்டது. தேர்வுப் பழக்கமே இல்லாமல் பதினேழு வயதில் தேர்வைச் சந்திக்கும் தலைமுறைக்கு மீள்பார்வைப் பழக்கத்தை யார், எந்த வகுப்பில் கற்றுத்தருவது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

இரண்டாவது, பயிற்சி செய்பவருக்குத் திருத்திச் சொல்லும் ஆள் தேவை. விடைக் குறிப்போடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது மட்டும் திருத்தம் ஆகாது. எந்தப் படியில் தவறினோம் என்று அறியாமல் நூறு கேள்வி செய்தால், தவறான படியே நூறு முறை பயிற்சியாகும்.

மூன்றாவது ஐயம் ஆய்வுலகத்துக்குள்ளேயே எழுந்தது. டமரா வான் கோகும் ஜான் ஸ்வெல்லரும் 2015இல், பல கூறுகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் சிக்கலான பாடங்களில் தன்சோதனையின் பயன் குறைகிறது அல்லது மறைகிறது என்று வாதிட்டார்கள். கார்ப்பிக்கும் அவருடைய சகாவும் அதே ஆண்டில் அதை மறுத்தார்கள். இந்த விவாதம் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. இயற்பியலும் கணக்கியலும் படிப்போருக்கு இது தொலைவில் நடக்கும் சண்டையல்ல. அவர்கள் பாடங்கள் துல்லியமாக அந்தச் சிக்கலான வகையைச் சேர்ந்தவை.

இடைவெளி

இடைவெளிவிட்டுப் படிப்பது குறித்துக் கருத்து வேறுபாடு குறைவு. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885இல் தன் நினைவையே சோதித்து எழுதியதிலிருந்து இன்றுவரை, பிரித்துப் படிப்பது குவித்துப் படிப்பதைவிட நல்லது என்பது பலவாறு உறுதியாகியுள்ளது. நிக்கோலஸ் செபேடா குழுவினரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் கூடுதலாகச் சொன்னது: சிறந்த இடைவெளி தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஏறத்தாழ ஒரு நாள் விட்டு. ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்தால் மூன்று வாரம்போல விட்டு. எஸ்.பி.எம் பாடம் நான்காம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலுமாக இரண்டாண்டு விரிகிறது. நான்காம் படிவத்தில் படித்ததை அடுத்த ஆண்டின் இறுதியில்தான் மீண்டும் எடுப்போம் என்று விட்டுவிடும் பழக்கத்தை இந்தக் கண்டுபிடிப்பு நேரடியாகக் கண்டிக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் முடுக்கிவிடப்படும் சிறப்பு வகுப்புகளையும் தன்முனைப்பு முகாம்களையும் நடத்துவோர் இதைக் கருத்தில் கொள்ளலாம். அதே உழைப்பு நான்காம் படிவத்திலேயே சிறு சிறு அளவில் பகிரப்பட்டால் பலன் கூடும் என்று நம்பப் போதுமான ஆதாரம் உண்டு.

அறிவியலும் வணிகமும் ஒரே வகையா?

படிப்பு வழிகாட்டிகள் பெரும்பாலும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆலோசனை தருகின்றன. இதுவே அவற்றின் பெரிய குறை. மலேசியாவில் 1960களின் இறுதியிலேயே வகுக்கப்பட்ட, அறிவியலுக்கு 60 கலைக்கு 40 விழுக்காடு என்ற இலக்கு, அறிவியல் மாணவர்களைப் பெருக்க முனைந்தது. அதன் நிழலில் வணிகப் பாடங்கள் அறிவியல் கிடைக்காதவர்களுக்கானவை என்ற எண்ணமும் பெற்றோரிடம் ஊறியது. அந்த எண்ணம் தவறானது. கணக்கியலை ஒழுங்காகக் கற்பது இயற்பியலைப்போலவே கடினமான மனப்பயிற்சி. இவ்வூர் போன்ற இடங்களிலிருந்து எல்.சி.சி.ஐ என்னும் லண்டன் வணிகச் சபையின் சான்றிதழ் எடுத்துக் கணக்கர்களாகவும் தணிக்கையாளர்களாகவும் உயர்ந்த வழி ஒரு தலைமுறைக்கு உண்மையான வழியாக இருந்தது.

பாடங்களின் உள்ளமைப்பு வேறுபடுகிறது. கணக்கியலில் ஒரே நிகழ்வு குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கும், அங்கிருந்து இருப்பாய்வுக்கும், கடைசியில் நிதிநிலை அறிக்கைக்கும் செல்கிறது. தொடக்கத்தில் பற்று எது, வரவு எது என்பதில் ஒரு பிழை நேர்ந்தால் முடிவுவரை அது பயணிக்கும். இத்தகைய பாடத்தில் தொடக்க நிலையில் செய்துகாட்டிய கணக்குகளைப் படிப்படியாகப் படிப்பதே பலன் தரும் என்று ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணித மாணவர்களிடம் கண்டதிலிருந்து ஊகிக்கலாம். தேய்மானம், வாராக்கடன், முன்கூட்டிச் செலுத்திய செலவு என்னும் சரிக்கட்டுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தீர்வுடன் பார்த்துவிட்டு, பிறகே முழுக் கணக்குக்குப் போவது நல்லது. தொடக்கத்திலேயே முழு வினாத்தாளைத் திணிப்பது பல மாணவர்களைப் பாடத்திலிருந்தே விரட்டியிருக்கக்கூடும்.

வணிகவியலிலும் பொருளியலிலும் சிக்கல் வேறு. அங்கே காரணத்தைக் கூறி விளக்க வேண்டும். விலை ஏறினால் தேவை குறையும் என்று எழுதினால் மட்டும் போதாது, கேள்வியில் கொடுத்த வணிகருக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். நூலின் பட்டியலை அப்படியே இறக்கிவைத்தவர்கள் மதிப்பெண் இழப்பது இங்கேதான். ஏன், எப்படி என்று தனக்குத்தானே விளக்கிச் சொல்லும் பழக்கம் இத்தகைய பாடத்துக்கு அதிகம் உதவும். நன்னூலார் குறித்த உடன்பயில்வோர் உரையாடலும் இங்கே அழகாகப் பொருந்தும்.

இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் கலந்து பயிலும் முறை கவனிக்கத்தக்கது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கன அளவுக் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரே வகையைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியில் சிறந்தார்கள். ஒரு வாரம் கழித்த தேர்வில் 20 விழுக்காடுதான் பெற்றார்கள். வகைகளைக் கலந்து செய்தவர்கள் பயிற்சியில் திணறினார்கள். தேர்வில் 63 விழுக்காடு பெற்றார்கள். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதே தேர்வில் பாதி வேலை. பாடநூலின் அத்தியாயப் பயிற்சிகளோ அந்தத் தேர்ந்தெடுப்பையே மாணவரிடமிருந்து எடுத்துவிடுகின்றன. உயிரியலில் இதற்கு எவ்வளவு இடமுண்டு என்பது இந்த அளவுக்குத் தெளிவில்லை.

மொழி மாறும்போது

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மொழியில் கற்று அதே மொழியில் தேர்வெழுதியவர்களைப் பற்றியவை. சுங்கை சிப்புட்டின் தமிழ்ப்பள்ளி மாணவர் நிலை அதுவன்று. ஆரம்பப் பள்ளியில் விசை, நிறை, ஒளிச்சேர்க்கை என்று தமிழில் அறிவியல். இடைநிலைப்பள்ளியில் அதே கருத்துகள் மலாயில். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நடுவில் கொள்கையும் நிலையாக இருக்கவில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அதைக் கைவிடும் முடிவு வந்தது. 2016இல் இருமொழித் திட்டம் தொடங்கியது. அதைத் தமிழ்ப்பள்ளிகளில் ஏற்பதா என்பது சமூகத்தையே பிளந்த விவாதமானது.

நினைவுக்கும் மொழிக்கும் உள்ள உறவு பற்றி ஓரளவு சான்று உண்டு. வியோரிகா மரியனும் கெய்ட்லின் ஃபாசியும் 2006இல் ஸ்பானிய–ஆங்கில இருமொழியாளர்களிடம், பாடம் கற்ற மொழியும் கேள்வி கேட்ட மொழியும் ஒன்றாக இருந்தபோது விடை மேம்பட்டதைக் கண்டார்கள். சுவிட்சர்லாந்தில் ஹென்ரிக் சால்பாக் குழுவினர் 2013இல் கணிதத்திலும் மொழி மாறினால் வேகமும் துல்லியமும் குறைவதைக் காட்டினார்கள். இதை வைத்துத் தாய்மொழியில் அறிவியல் கற்பது வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அம்முடிவு ஆதாரத்தைத் தாண்டிச் செல்கிறது. தமிழில் ஆழமாக ஊன்றிய கருத்து, மொழி மாறும்போது சற்றுத் தாமதமாக வந்தாலும் முழுமையாக வருகிறதா, அல்லது பாதியாக வருகிறதா என்பதே உரிய கேள்வி. மேற்சொன்ன இரு ஆய்வுகளும் அதற்கு விடை தரவில்லை. மீள்பார்வையின்போது தமிழில் சிந்தித்து மலாயில் எழுதிப் பார்ப்பது உதவுகிறதா என்று பேராக் பள்ளிகளிலேயே சோதிக்கலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

முறையா, நிலைமையா?

இறுதி நிலைப்பாடான சமூகவியலாளர்களின் விடை மற்ற எல்லாவற்றையும் ஐயுறுகிறது. பேராசிரியர் தி. மாரிமுத்து தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை ஆராய்ந்து, அவை தோட்டத் தொழிலாளர் நிலையையே அடுத்த தலைமுறைக்கும் மறுபடி உருவாக்கும் கருவியாகச் செயல்பட்டன என்றார். அமெரிக்காவில் 1966இன் கோல்மன் அறிக்கையும் குடும்பப் பின்னணியின் எடையை முன்வைத்தது. தன்சோதனை செய்யச் சொல்வது எளிது. அமைதியான மூலையும், நல்ல வெளிச்சமும், போதிய தூக்கமும் இல்லாத வீட்டில் அது எப்படி நடக்கும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, பெற்றோர் நேரமும் ஆலை ஷிப்டுகளுக்கு ஏற்ப மாறியது. நல்ல அறிவியல் டியூஷனைத் தேடி சுமார் 30 கிலோமீட்டர் தூரத்து ஈப்போவுக்குப் போக வேண்டுமென்றால், அது பணத்தையும் பயணத்தையும் கேட்கிறது.

இந்த வாதத்தில் பெரும் உண்மை இருக்கிறது. அதன் வலுவிலேயே ஒரு குறையும் இருக்கிறது: அடுத்த ஆண்டு தேர்வெழுதும் பிள்ளைக்கு அது எதையும் கொடுப்பதில்லை. மேலும், நூலை மூடி எழுதிப் பார்ப்பதற்கும் இடைவெளிவிட்டுத் திரும்புவதற்கும் பணம் தேவையில்லை. பணமில்லாத வீட்டுக்கு அதிகம் உதவக்கூடிய அறிவு, பணமுள்ள வீடுகளுக்கே முதலில் போய்ச் சேருகிறது என்பதுதான் கவலை தருவது. பள்ளிப் பாடவேளைக்குள்ளேயே, மதிப்பெண் பயமில்லாத சிறு சோதனைகளாக இவற்றைக் கொண்டுவந்தால் வீட்டு நிலைமையின் பிடி ஓரளவு தளரலாம். அமெரிக்க எட்டாம் வகுப்பு அறிவியல் வகுப்புகளில் மார்க் மெக்டேனியல் குழுவினர் 2011இல் கண்ட பலன் அந்த நம்பிக்கைக்கு இடம் தருகிறது.

நேரப் பங்கீடும் இதோடு சேரும். 2009இல் எஸ்.பி.எம் பாடங்களைப் பத்தாகக் குறைக்கும் முடிவு வந்து, சமூகம் எதிர்த்த பிறகு தமிழுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. அந்த உரிமை காக்கப்பட வேண்டியது. அதைப் பயன்படுத்தும் மாணவர் மற்றவர்களைவிட அதிகமான பாடங்களை அதே வாரங்களில் மீள்பார்வை செய்கிறார் என்பதையும் பள்ளிகள் கணக்கில் கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பவை

இன்றைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில: மறுவாசிப்பைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நிலைக்கும், இடைவெளி உதவும், கணக்குப் பாடங்களில் வகைகளைக் கலப்பது பயன் தரும். புதிய, சிக்கலான பாடத்தில் தீர்வுப் படிகளிலிருந்து தன்சோதனைக்கு எந்தக் கட்டத்தில் மாறுவது என்பது இன்னும் தீராதது. கணக்கியல் போன்ற வணிகப் பாடங்களில் இதைச் சோதித்த ஆய்வுகள் இயற்பியலோடு ஒப்பிட்டால் சொற்பம். தமிழிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாறிச் செல்லும் பிள்ளையின் மீள்பார்வை எந்த மொழியில் நடப்பது நல்லது என்பதற்கு மேற்கத்திய ஆய்வுகளிலிருந்து இரவல் வாங்கிய விடையே இப்போதைக்கு நம்மிடம் உள்ளது. யு.பி.எஸ்.ஆரும் பி.டி.3உம் இல்லாமல் எஸ்.பி.எம் எழுதவரும் முதல் தலைமுறைகளின் பழக்கங்களை இப்போதே கவனித்து எழுதிவைத்தால்தான், அடுத்த கொள்கை மாற்றம் வரும்போது அதை எடைபோட ஏதேனும் கையில் இருக்கும்.